மலைநாட்டில் பழைய உழவு இயந்திரத்துக்கு டர்போ பூட்டலாமா?

(நுவரெலியா மாவட்ட நெல், மரக்கறி விவசாயிகளுக்கு நிகழ்த்திய பேச்சு)



கந்தப்பளையிலிருந்தும் ராகலையிலிருந்தும் அட்டன் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் அன்பர்கள் பலர் ஒரே கேள்வியைப் பல நாட்களாகக் கேட்டு வருகின்றனர். "எங்கள் உழவு இயந்திரம் பழையது. பெட்டியிலே உரமோ உருளைக்கிழங்கோ ஏற்றினால் ஏற்றத்தில் இழுக்கமாட்டாமல் கரும்புகை கக்குகின்றது. டர்போ பூட்டினால் புதிய இயந்திரம் போல இழுக்கும் என்று கராச்சில் சொல்கிறார்கள். பூட்டலாமா?" என்பதே அக்கேள்வி.

இதற்கு ஒரே சொல்லில் விடை கூறினால் உங்களுட் சிலருக்கு நட்டமும் சிலருக்கு ஆபத்தும் நேரும். ஆதலால், இயந்திரம் ஏன் இங்கே இளைக்கின்றது என்பதிலிருந்து தொடங்குவோம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர். இவ்வளவு உயரத்தில் வளி ஐதாகி விடுகின்றது. இதை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து வரும் பொரித்த பண்டப் பொட்டலங்கள் இங்கே வந்து சேரும்போது உப்பிப் போயிருப்பதைக் கடையில் பார்த்திருப்பீர்கள். வீட்டிலே பருப்பு வேகக் கூடுதலான நேரம் எடுக்கின்றது என்று தாய்மார் சொல்வதும் இதனால்தான். இங்கே தண்ணீர் 100 பாகையில் அன்று, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்து விடுகின்றது. கடற்கரையில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் 14.7 இறாத்தல் அமுக்கம் தருகின்ற வளி, நுவரெலியாவில் ஏறத்தாழ 11¾ இறாத்தலே தருகின்றது. அட்டனில் 12½ இறாத்தலுக்குச் சிறிது கூடும்.

உங்களிற் பலரிடம் உள்ளவை மெசி பேர்குசன் 35, 135, 240 ஆகிய இயந்திரங்கள். சென்னையில் 1960இல் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வழியாக வந்தவையும் அவற்றுள் உண்டு. இவற்றிலே பரவலாகக் காணப்படும் மூன்று உருளை பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவுடையது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, கணக்கின்படி அது நிமிடந்தோறும் 2,500 லீற்றர் வளியை உள்ளே இழுக்கின்றது. கொழும்பில் அந்த வளியின் நிறை ஏறத்தாழ 2.9 கிலோ. நுவரெலியாவில் அதே 2,500 லீற்றரின் நிறை ஏறத்தாழ 2.4 கிலோதான். நல்ல வேளையாக இங்குள்ள குளிர் வளியைச் சற்றுச் செறிவாக்குகின்றது. இல்லையேல் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

குறைவது வளி மட்டுமே, டீசல் குறைவதில்லை. டீசல் பம்பு எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றோம் என்பதை அறியாது. பொலன்னறுவையிலோ அநுராதபுரத்திலோ ஓடிய இயந்திரத்தை வாங்கி மேலே கொண்டு வந்தால், அங்கே எவ்வளவு டீசலைச் செலுத்தியதோ அவ்வளவையே இங்கும் செலுத்தும். ஒரு கிலோ டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 14½ கிலோ வளி வேண்டும். உருளைக்குள் இரண்டும் சீராகக் கலப்பதில்லை ஆதலால், நடைமுறையில் அதற்கும் கூடுதலாகவே வேண்டும். அவ்வளவு வளி கிடையாத டீசல் கரியாகிச் சைலன்சர் வழியே போகின்றது. றம்பொடை ஏற்றத்திலும் கினிகத்தேனை ஏற்றத்திலும் நீங்கள் காண்கின்ற கரும்புகை, காசு கொடுத்து வாங்கிய டீசல் வேலை செய்யாமல் வெளியேறுவதுதான். 2022ஆம் ஆண்டு டீசலுக்காக வரிசையில் இரவு பகல் காத்து நின்ற எவருக்கும் அதன் விலையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி டர்போ என்பது யாது எனப் பார்ப்போம். கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுவது போல எஞ்சினுக்கு வளியை ஊதும் கருவி அது. துருத்தியை இழுக்க ஆள் வேண்டும். இதற்கு ஆள் வேண்டியதில்லை. சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளி வளியை இழுத்து அமுக்கி உருளைகளுக்குள் அனுப்புகின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

மலையில் வாழும் நமக்கு உகந்த செய்தி ஒன்று இதன் வரலாற்றில் உண்டு. 1918ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்போர்ட் மொஸ் என்பவர் ஓர் ஆகாய விமான எஞ்சினைக் கொலராடோ மாநிலத்தில் உள்ள பைக்ஸ் பீக் என்னும் மலையின் உச்சிக்கு ஏற்றிச் சென்றார். அதன் உயரம் 14,000 அடிக்கு மேல். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் மலையுச்சியில் 230 குதிரைவலுவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் அதே உச்சியில் 356 குதிரைவலு தந்தது. அவர் அங்கே செய்து காட்டியது எஞ்சினைப் பெரிதாக்குவது அன்று. மலை பறித்துக் கொண்டதை எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுத்தார். இவ்வேறுபாட்டை இன்றைய பேச்சு முழுவதும் நினைவில் வைத்திருங்கள்.

உழவு இயந்திரங்களுக்கு இது பின்னரே வந்தது. தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி விற்பனைக்கு வந்த முதல் டீசல் உழவு இயந்திரம் 1961இல் வெளியான அலிஸ் சால்மர்ஸ் டி-19 ஆகும். பழைய இயந்திரங்களுக்குப் பின்னர் பூட்டும் தொகுதிகளும் அமெரிக்க விவசாயிகளிடையே பரவின. இலினோய் மாநிலத்துக் கிப்சன் சிட்டியில் இருந்த எம் அண்ட் டபிள்யூ கியர் என்னும் நிறுவனம் அத்தகைய தொகுதிகளுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் பரந்த சமநிலத்தில் அகலமான கலப்பையை வேகமாக இழுப்பதற்காக அவற்றை வாங்கினர். நமது தேவை வேறு. அவர்கள் கூடுதல் வலு தேடினார்கள். நாம் இழந்த வலுவைத் தேடுகின்றோம்.

நுவரெலியாவில் இழந்த அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல். அமுக்கும்போது வளி சூடேறிச் சிறிது ஐதாகும் ஆதலால் 4 இறாத்தல் என வைத்துக் கொள்வோம். இந்த 4 இறாத்தலை மட்டும் டர்போ தந்து, டீசல் பம்பின் திருகாணியை எவரும் தொடாமல் விட்டால், எஞ்சின் கொழும்பில் சுவாசிக்கும் வளியையே இங்கும் சுவாசிக்கும். அது எந்த வளிக்காக வடிவமைக்கப்பட்டதோ அதே வளி. கரும்புகை தெளியும், ஏற்றத்தில் இழுக்கும். உருளைக்குள் உண்டாகும் அமுக்கமும் பெரிதாக மிகாது. இது நியாயமான காரியம். இதற்கு மேல் 8 இறாத்தல், 10 இறாத்தல் என்று ஏற்றி, அதற்கேற்பப் பம்பையும் திறந்து விடுவது வேறு காரியம். பழைய பேர்கின்ஸ் எஞ்சினில் உருளைக்குள் வளி பதினேழு பதினெட்டு மடங்காக அமுக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் டர்போவுக்கென்றே செய்யப்படும் எஞ்சின்களில் இந்த அமுக்க விகிதத்தைக் குறைப்பதும், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதும் வழக்கம். நமது பழைய எஞ்சினுக்கு அவ்வசதிகள் இல்லை.

நெல் விவசாயிகளுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. கொத்மலை, ஹங்குராங்கெத்தை, வலப்பனைப் பள்ளத்தாக்குகளில் வயல் செய்பவர்கள் நுவரெலியா நகரைவிட மிகத் தாழ்வான இடத்தில் இருக்கிறீர்கள். 700 மீற்றர் உயரத்தில் இழப்பு நூற்றுக்கு ஏழு எட்டுத்தான். சேற்றுழவில் உங்கள் இயந்திரம் இளைக்கின்றது என்றால் அதற்குக் காரணம் வளியன்று. பெரும்பாலும் வழுக்கும் சில்லும் பொருந்தாத கியருமே. டர்போ உங்களுக்கு வேண்டாம். இரு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கும் வேண்டாம். அதன் ஒற்றை உருளை எஞ்சின் புகையை விட்டு விட்டுத் தள்ளுகின்றது. டர்போவின் சக்கரம் சீராகச் சுழல அது போதாது. லேண்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு இயந்திரத்தை உருவாக்கிய நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன அவர்களே, பிற்காலத்தில் சரிவு நிலங்களில் மண்ணைக் கிளறாமல் பயிரிடுவதையும், சமவுயரக் கோடுகளில் கிளிரிசிடியா வரிசை நடுவதையும் வலியுறுத்தி வந்தார். செங்குத்தான மரக்கறித் தோட்டத்தில் பெரிய இயந்திரத்தை இறக்கி உழுவதற்காக எவரேனும் வலுத் தேடினால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விடுங்கள். முதல் மழையிலேயே மேல்மண் ஆற்றுக்குப் போகும். 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இத்தகைய நிலங்களைக் கருதித்தான்.

ஆகவே, 1,200 மீற்றருக்கு மேல், நான்கு சில்லு இயந்திரத்தால் பெட்டி இழுப்பவர்களுக்கும், நீண்ட நேரம் நீரிறைக்கும் பம்பு ஓட்டுபவர்களுக்குமே இப்பேச்சின் மீதிப் பகுதி உரியது.

டர்போ வாங்குமுன் உங்கள் எஞ்சின் நலமாக உள்ளதா எனப் பாருங்கள். புகையின் நிறம் பல உண்மைகளைச் சொல்லும். சுமையில் மட்டும் கரும்புகை என்றால் வளி போதவில்லை அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. வளையங்கள் தேய்ந்து விட்டன. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென வந்தால் அந்த எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது, இளைத்த மாட்டை மேலும் அடிப்பதற்கு ஒப்பாகும். முதலில் எஞ்சினைச் செப்பனிடுங்கள். வளி வடிகட்டியில் தோட்டப் பாதையின் தூசி அடைத்திருக்கிறதா, இஞ்செக்டர்கள் டீசலைப் பூவாகத் தெளிக்கின்றனவா அல்லது சொட்டுகின்றனவா, வால்வு இடைவெளி சரியா, டீசல் வடிகட்டியில் தண்ணீர் நிற்கின்றதா என்பவற்றையும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்தபின் டர்போவை மறந்து போன விவசாயிகள் பலரை நான் அறிவேன்.

அதற்கு அடுத்த வழி, செலவு குறைந்தது. டீசல் பம்பைப் பரிசோதிக்கும் மேசை வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு சென்று, இந்த உயரத்துக்கு ஏற்றவாறு முழுச்சுமை டீசலின் அளவைக் குறைக்கச் செய்யுங்கள். வலு கூடாது. ஆனால் கரியாகப் போன டீசல் மிஞ்சும். எஞ்சினின் ஆயுளும் நீடிக்கும். ஒரு கியர் குறைத்து ஏறலாம் என்று பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே போதும். என்னைக் கேட்டால், உங்களிற் பாதிப் பேருக்கு மேல் இவ்வழியே உகந்தது என்பேன்.

இவ்வளவுக்குப் பின்னரும் பூட்டத்தான் வேண்டுமெனில், எந்த டர்போ என்பதிலேயே பலரும் தவறுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் தம் இயந்திரத்தைக் காட்டி அழாக்குறையாகப் பேசினார். உடைத்து விற்கும் இடத்தில் வான் ஒன்றின் டர்போவை மலிவாக வாங்கிப் பூட்டியிருந்தார். வானின் எஞ்சினும் இரண்டரை லீற்றர்தான். ஆகவே பொருந்தும் என்று எண்ணினார். வான் எஞ்சின் 4,000 சுற்றில் ஓடுவது. உழவு இயந்திரம் 2,000 சுற்றில் ஓடுவது. ஆகவே அந்த டர்போவுக்கு வேண்டிய புகையில் பாதிதான் இங்கே கிடைத்தது. சக்கரம் சோம்பலாகச் சுழன்றது, அமுக்கம் ஏறவில்லை. வலு வரவில்லையே என்று பூட்டியவர் பம்பின் திருகாணியைத் திறந்து விட்டார். டீசல் பெருகியது, வளி பெருகவில்லை. இரண்டு கிழமைக்குள் நடு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்தது. கோவா அறுவடை நேரம். பெட்டி இழுக்க வழியின்றி, வெட்டிய கோவாவில் ஒரு பகுதி பாத்தியிலேயே அழுகிற்று. ஆகவே, எஞ்சினின் கொள்ளளவையும் அது ஓடும் சுற்றையும் சேர்த்துச் சொல்லியே டர்போவைத் தெரிவு செய்ய வேண்டும். மிகுதி அமுக்கத்தைத் தானே வெளியேற்றும் கதவு உள்ளதாகவும், அக்கதவு 4 இறாத்தலில் திறப்பதாகவும் இருத்தல் வேண்டும்.

அடுத்தது எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எஞ்சினிலிருந்து எண்ணெயைக் கொண்டு வரும் குழாய் சிறிதாயிருக்கலாம். திரும்பிப் போகும் குழாய் பெரிதாகவும், வளைவின்றி நேரே கீழ்நோக்கியும், எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர்வதாகவும் இருக்க வேண்டும். இங்கே மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. சமநிலத்தில் சரியாக வடியும் குழாய், இயந்திரம் சரிவில் சாய்ந்து நிற்கும்போது வடியாமற் போகலாம். வடியாத எண்ணெய் தேங்கி வளிப்பக்கமாக ஒழுகி எஞ்சினுக்குள் போகும். ஆகவே, பூட்டியபின் இயந்திரத்தை உங்கள் பாதையின் சாய்வில், நீங்கள் வழக்கமாக நிறுத்தும் வண்ணமே நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பட்டறைக்காரருக்குக் கூலி கொடுங்கள். தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் காலையில் எண்ணெய் தடித்திருக்கும். இயந்திரத்தை எழுப்பியவுடன் முடுக்காமல் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல் மூன்று நிமிடமாவது மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால் எண்ணெய் வரத்து நின்று, சூடான தண்டில் மிஞ்சிய எண்ணெய் கருகிப் படியும். எண்ணெய் மாற்றும் காலத்தைப் பாதியாகக் குறைத்து, டர்போ டீசலுக்கு உரிய எண்ணெயையே ஊற்றுங்கள்.

பழைய இயந்திரங்களில் உள்ள எண்ணெய்த் தொட்டி வளி வடிகட்டி டர்போவுக்கு ஒவ்வாது. கூடுதலான வளி இழுக்கப்படும்போது, அதிலும் சாய்வில் நிற்கும்போது, தொட்டியின் எண்ணெய் உள்ளே இழுபடும். உலர் வகை வடிகட்டிக்கு மாறுங்கள். ரேடியேட்டரின் மூடியையும் பார்த்துக் கொள்ளுங்கள். தண்ணீர் இங்கே 94 பாகையில் கொதிக்கும் என்றேன் அல்லவா? அமுக்கத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால்தான் அது கொதியாமல் நிற்கும். பொலித்தீன் துண்டு கட்டிய மூடிகளை நான் கண்டிருக்கின்றேன்.

இரண்டு கருவிகள் இன்றியமையாதவை. ஒன்று, டர்போ தரும் அமுக்கத்தைக் காட்டும் மானி. மற்றையது, டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி. நீண்ட ஏற்றத்தில் இரண்டாவது மானி 650 பாகை செல்சியசைத் தாண்டினால், கால் தானாகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இவ்விரு மானிகளுக்கும் செலவழிக்க மனமில்லாதவர் டர்போவுக்கும் செலவழிக்க வேண்டாம்.

கிளச்சு தேய்ந்திருந்தால் திரும்பி வந்த வலு முதலில் அதைத்தான் எரிக்கும். இதனைச் சொல்லிவிட்டு, எனக்கு மிகவும் கவலை தருகின்ற விடயத்துக்கு வருகின்றேன்.

டர்போ ஏற்றத்தில் உதவும். இறக்கத்தில் எவ்விதத்திலும் உதவாது. மேலே இழுக்க முடிகின்றதே என்று பெட்டியில் நான்கு மூட்டை கூட்டி ஏற்றுவது மனித இயல்பு. அந்த நான்கு மூட்டையும் வளைந்து இறங்கும் தோட்டப் பாதையில் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனிப் பிரேக் கிடையாது. பழைய இயந்திரத்தின் பின்சில்லுப் பிரேக்குகள் இரண்டும் முன்பிருந்த அதே பிரேக்குகள்தாம். மழைக்கு நனைந்த பாதையில் பெட்டி பக்கவாட்டாகத் திரும்பி இயந்திரத்தை மடக்கிப் பள்ளத்தில் தள்ளும். பெட்டியின் மேல் ஆட்களும் இருந்தால் நடப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கொழுந்து மூட்டையின் மேல் அமர்ந்து போகும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் ஒழியவில்லை.

ஆதலால் டர்போ பூட்டுகின்ற அதே நாளில் பிரேக்குகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதையில் ஓடும்போது இடது வலது பிரேக் மிதிகளைக் கொக்கியால் இணைத்தே வையுங்கள். இறக்கத்தின் தலைப்பிலேயே கியரைத் தெரிந்து கொள்ளுங்கள். ஏறிய கியருக்கு மேற்பட்ட கியரில் இறங்காதீர்கள். நடுவழியில் கியர் மாற்ற முயலாதீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்டிரலில் உருள விடாதீர்கள். ஏற்றும் சுமை, டர்போ பூட்டுவதற்கு முன் எவ்வளவு பாதுகாப்பாக இறக்கினீர்களோ அவ்வளவே.

பூட்டிய முதல் நாள் வெறும் பெட்டியோடு ஏறி, வெறும் பெட்டியோடு இறங்குங்கள். மறுநாள் பாதிச் சுமை. இரு மானிகளும் காட்டியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எண்ணெய்க் குழாய்களின் இணைப்பில் கசிவு உண்டா என்று, எஞ்சின் ஆறியபின் கையால் தடவிப் பாருங்கள். ஒரு கிழமை கழித்து அந்தக் கொப்பியோடு வாருங்கள். பம்பின் திருகாணியில் எவரும் கைவைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.